மொத்தக் கணக்கு ஏமாற்றுமா?

முதலில் உங்களிடம் ஒரு சிறு கேள்வி. மிளகாய் வத்தல் வாங்கும் மண்டிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஊருக்குக் கிட்டத்தில், மற்றொன்று தூரத்தில். முதல் தர வத்தலுக்குக் கிட்டத்து மண்டியில்தான் விலை அதிகம். இரண்டாம் தர வத்தலுக்கும் அங்கேதான் விலை அதிகம். அப்படியானால், இரண்டு தரத்தையும் சேர்த்துச் சராசரி விலை கண்டால் அது எந்த மண்டியில் கூடுதலாக இருக்கும்?

“இதில் என்ன ஐயம்? கிட்டத்து மண்டியில்தான்!” என்பீர்கள். பௌதிகம் கற்பிக்கும் நானும், யோசிக்காமல் கேட்டால், அதையே சொல்லியிருப்பேன். சென்ற ஆண்டு சித்திரையில் என் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் ஒரு தாளைப் பார்த்தேன். அந்தத் தாள் என்னை நிதானிக்க வைத்தது.

எங்கள் ஊர் பரளச்சி. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டு ஊர்களுள் ஒன்று. வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் மிளகாய், பருத்தி, மல்லி, கம்பு, சோளம் என்று ஏதேனும் வீடு வந்து சேரும், இல்லாவிட்டால் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு குவிண்டால் வத்தலுக்கு ஆயிரம் ரூபாய் கூடுவதும் குறைவதும் சிறு செய்தியன்று. ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அதற்குள் அடங்கியிருக்கும்.

சித்தப்பாவும் சில விவசாயிகளும் சேர்ந்து லாரி பிடித்து வத்தலை மண்டிக்கு அனுப்புகிறார்கள். கணக்கு சித்தப்பா பொறுப்பு. அவருடைய பேரன் பிளஸ் ஒன் படிக்கிறான். தாத்தாவின் நோட்டுக் கணக்கை மடிக்கணிப்பொறியில் ஏற்றி, அழகாகக் கூட்டி, அச்சிட்டும் கொடுத்திருந்தான்.

“வாப்பா, நல்ல நேரத்துலதான் வந்திருக்க. இதைப் பாரு. கிட்டத்து மண்டியில நமக்குக் குவிண்டாலுக்கு அஞ்சாயிரத்துக்கு மேல குறைச்சுப் போட்டிருக்காங்க. அடுத்த வருசம் அந்தப் பக்கமே லாரி திரும்பாது” என்றார் சித்தப்பா.

தாளில் இருந்தது இதுதான். எண்களை உங்கள் வசதிக்காக முழு எண்களாக்கித் தருகிறேன்.

கிட்டத்து மண்டி: 100 குவிண்டால், வரவு ரூ. 12,60,000, சராசரி விலை ரூ. 12,600.
தூரத்து மண்டி: 100 குவிண்டால், வரவு ரூ. 17,90,000, சராசரி விலை ரூ. 17,900.

வேறுபாடு ரூ. 5,300. கூட்டலில் பிழையில்லை, வகுத்தலிலும் பிழையில்லை. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. “தரம் எங்கேப்பா எழுதியிருக்க?” என்று பையனைக் கேட்டேன். “மொத்தம்தானே பெரியப்பா வேணும்? அதனால தரத்தை விட்டுட்டேன்” என்றான். மண்டிச் சீட்டுகளில் தரம் இருந்தது. அன்று இரவு நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துத் தரத்தையும் சேர்த்தோம். இப்போது கணக்கு இப்படி மாறியது.

கிட்டத்து மண்டி, முதல் தரம்: 20 குவிண்டால், விலை ரூ. 21,000.
கிட்டத்து மண்டி, இரண்டாம் தரம்: 80 குவிண்டால், விலை ரூ. 10,500.
தூரத்து மண்டி, முதல் தரம்: 80 குவிண்டால், விலை ரூ. 20,000.
தூரத்து மண்டி, இரண்டாம் தரம்: 20 குவிண்டால், விலை ரூ. 9,500.

பார்த்தீர்களா? ஒவ்வொரு தரத்திலும் கிட்டத்து மண்டி குவிண்டாலுக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகவே கொடுத்திருக்கிறது! ஆனால் சராசரியில் அதுவே 5,300 ரூபாய் குறைவாகக் காட்சியளிக்கிறது. நீங்களே பெருக்கிக் கூட்டிச் சரிபாருங்கள். எந்தத் தந்திரமும் இல்லை.

காரணம் மிக எளிது. நல்ல சிவப்பு வத்தலை லாரி வாடகை கொடுத்துத் தூரத்துக்கு அனுப்பினார்கள். மாசியில் தப்பிப் பெய்த மழையில் நனைந்து வெளுத்துப்போன வத்தலுக்கு வாடகை கட்டுபடியாகாது என்று கிட்டத்து மண்டியிலேயே இறக்கினார்கள். கிட்டத்து மண்டிக்குப் போனதில் பெரும்பகுதி மட்டமான சரக்கு. அதனால் அதன் சராசரி தாழ்ந்தது. குற்றம் மண்டியில் இல்லை, கலவையில் இருந்தது.

தாளை நம்பி 200 குவிண்டாலையும் தூரத்து மண்டிக்கே, அதே விலைக்கு, அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் தரம் 100 குவிண்டாலுக்கு ரூ. 20,00,000, இரண்டாம் தரம் 100 குவிண்டாலுக்கு ரூ. 9,50,000, ஆக ரூ. 29,50,000. உண்மையில் கிடைத்ததோ ரூ. 30,50,000. ஒரு லட்சம் ரூபாய் நட்டம். லாரி வாடகை தனி!

பெர்க்கிலியிலும் இதே கதை

இந்த விந்தைக்குச் சிம்ப்சன் முரண்பாடு என்று பெயர். எட்வர்ட் சிம்ப்சன் என்ற புள்ளியியலார் 1951-இல் இதைப் பற்றி எழுதினார். 1972-இல் காலின் பிளித் என்பவர் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார்.

அமெரிக்காவின் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1973-ஆம் ஆண்டு மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 விழுக்காட்டினருக்குத்தான் கிடைத்தது. பெண்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதா? பிக்கல், ஹாமல், ஓகானல் என்னும் மூவர் துறைவாரியாகப் பிரித்துப் பார்த்து 1975-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். துறைவாரியாகப் பார்த்தால் அந்தப் பெரிய வேறுபாடு மறைந்தது. சற்றே பெண்களுக்குச் சாதகமாகக்கூட இருந்தது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். வத்தலில் தரம் செய்த வேலையை அங்கே துறை செய்திருந்தது.

நிறையும் வெப்பநிலையும்

இதைப் பௌதிக வழியில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 80 பாகை வெப்பநிலையில் 1 லிட்டர் நீரும், 30 பாகையில் 4 லிட்டர் நீரும் இருக்கின்றன. இரண்டையும் கலந்தால் அளவு 5 லிட்டர். வெப்பநிலை? 80-ஐயும் 30-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 55 பாகை என்பவன் தேர்வில் தோற்பான். சரியான விடை, வெப்பம் வெளியே போகாவிட்டால், 40 பாகை. அளவுக்கு ஏற்றபடி எடையிட்டுத்தான் சராசரி காணவேண்டும்.

நிறை, கொள்ளளவு போன்றவற்றைக் கூட்டலாம். வெப்பநிலை, அடர்த்தி போன்றவற்றைக் கூட்டக்கூடாது. வியாபாரக் கணக்கிலும் இதே இரு சாதிகள் உண்டு. குவிண்டாலும் வரவு ரூபாயும் நிறையைப் போன்றவை; கூட்டலாம். விலையோ அடர்த்தியைப் போன்றது. நிறையைக் கொள்ளளவால் வகுத்து அடர்த்தி காண்பதுபோல், மொத்த வரவை மொத்தக் குவிண்டாலால் வகுத்துத்தான் விலையைக் காணவேண்டும்.

மூன்றாவது சாதியும் ஒன்று உண்டு. அதுதான் கிட்டங்கி இருப்பு. நான்கு கிட்டங்கிகளின் இருப்பைக் கூட்டலாம். ஆனால் தை மாத இருப்பையும் மாசி மாத இருப்பையும் கூட்டலாமா? அதே மூட்டைகளை இருமுறை எண்ணியதாகிவிடும். இடத்தால் கூடும், காலத்தால் கூடாது.

பரிமாணம் எத்தனை?

நீளம், அகலம், உயரம் என்ற மூன்று பரிமாணங்களை நீங்கள் அறிவீர்கள். ஒரு பெட்டிக்குள் இருக்கும் புள்ளியைக் குறிக்க மூன்று எண்கள் போதும். ஒரு வத்தல் விற்பனையைக் குறிக்க எத்தனை விவரங்கள் வேண்டும்? எந்த ஊர், எந்த விளைபொருள், எந்தத் தரம், எந்த மண்டி, எந்த மாதம் என்று ஐந்து. ஆகவே அது ஐந்து பரிமாணக் கணக்கு. ஐந்து பரிமாணப் பெட்டியைக் கண்ணால் காணமுடியாது. ஆனால் எண்களுக்கு அதனால் தடையில்லை. இப்படி அடுக்கிய விவரங்களை ‘தரவுக் கனசதுரம்’ என்பார்கள்.

12 ஊர், 6 விளைபொருள், 2 தரம், 5 மண்டி, 12 மாதம் என்று கொள்வோம். பெருக்கினால் 8,640 சிற்றறைகள். ஒவ்வொரு பரிமாணத்தையும் ஒன்று பிரித்துக் காட்டலாம், அல்லது கூட்டி மறைத்துவிடலாம். இரண்டு வழிகள், ஐந்து பரிமாணங்கள்: 2 × 2 × 2 × 2 × 2 = 32. ஆக, ஒரே கணக்கிலிருந்து 32 வகை அட்டவணைகள் பிறக்கின்றன! ஒவ்வொரு பரிமாணத்திலும் ‘மொத்தம்’ என்றோர் அறையைச் சேர்த்தால் 13 × 7 × 3 × 6 × 13 = 21,294 எண்கள். இவற்றுள் 8,640 போக, மீதி 12,654-உம் ஏதோ ஒரு வகைக் கூட்டுத்தொகைகள். சித்தப்பாவின் கையில் இருந்த தாள் அந்த 32 அட்டவணைகளுள் ஒன்றே ஒன்று. தரத்தைக் கூட்டி மறைத்துவிட்ட ஒன்று.

தாளிலிருந்து கனசதுரத்துக்கு

கட்டம் கட்டமாக எண்களை எழுதி, ஒன்றை மாற்றினால் மற்றவையும் தாமே மாறும்படி செய்யும் கணிப்பொறிப் பக்கத்தை விரிதாள் என்கிறோம். தனியாள் கணிப்பொறிகளில் புகழ்பெற்ற முதல் விரிதாள் 1979-இல் வந்த விசிகால்க். டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் என்னும் இருவர் ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக இதை உருவாக்கினார்கள். அதில் இருந்தவை 254 வரிகளும் 63 நிரல்களுமே. 1983-இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985-இல் எக்செல் வந்தது.

ஆனால் விரிதாள் என்பது தாள்தானே! அதற்கு நீளமும் அகலமும் மட்டுமே உண்டு. ஐந்து பரிமாணக் கணக்கை இரண்டு பரிமாணத் தாளில் எப்படித் திணிப்பது? லோட்டஸ் நிறுவனம் 1991-இல் இம்ப்ரூவ் என்ற புதுவகை விரிதாளை வெளியிட்டது. பரிமாணங்களுக்குப் பெயரிட்டு, அவற்றைச் சுட்டியால் இழுத்து இடம் மாற்றலாம். 1993-இல் வந்த எக்செல் 5-இல் பிவட் டேபிள் எனப்படும் சுழல் அட்டவணை இடம்பெற்றது. தலைப்புகளை வரியிலிருந்து நிரலுக்கு மாற்றினால் அட்டவணையே திரும்பி நின்று வேறு முகத்தைக் காட்டும். ஆகவே இந்தப் பெயர்.

இதற்கிடையே 1992-இல் ஆர்பர் சாப்ட்வேர் என்ற நிறுவனம் எஸ்பேஸ் என்பதை வெளியிட்டது. கனசதுரம் ஒரு பெரிய கணிப்பொறியில் இருக்கும். மேசையிலுள்ள விரிதாளில் ஒரு சிறு நிரலைச் சேர்த்துவிட்டால், அதன் வழியே கேள்வி போகும், விடை வரும். இப்படி விரிதாளோடு சேர்த்துக்கொள்ளும் நிரல்களைத்தான் ஆட்-இன் என்கிறார்கள். நாம் துணை நிரல் என்போம். எக்செல் 2010-க்குத் துணை நிரலாக வந்த பவர் பிவட் பின்னர் எக்செலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

பவர் பிவட் போன்றவை எப்படிப் பல லட்சம் வரிகளைத் தாங்குகின்றன? விவரங்களை நிரல் நிரலாகச் சேமித்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்கு எண் கொடுத்துவிடுகின்றன. ‘பரளச்சி’ என்ற சொல் பத்தாயிரம் வரிகளில் வந்தாலும் ஒரு பட்டியலில் ஒரே முறை எழுதி அதற்கு 1 என்று எண்ணிட்டுவிட்டால், மற்ற இடங்களில் 1 மட்டும் போதும். ‘1’ தொடர்ந்து ஐந்நூறு முறை வந்தால் “1, ஐந்நூறு முறை” என்று குறித்தாலே போதும். இடம் மிச்சம், வேகமும் கூடும்.

துணை நிரல் எப்போது வேண்டும்?

அன்றிரவு பையன் கேட்டான்: “பெரியப்பா, இதுக்குன்னே நிறைய ஆட்-இன் இருக்காமே? எதைப் போடலாம்?”

“உனக்கு இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம்” என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. ஆனால் உண்மை அதுதான். சில நூறு மண்டிச் சீட்டுகளுக்கு விரிதாளிலேயே இருக்கும் சுழல் அட்டவணை போதும். அது எக்செலில் இருக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகவும், தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஓர் அலுவலகமும் கொண்ட சோஹோ நிறுவனத்தின் சோஹோ ஷீட்டிலும் இருக்கிறது.

துணை நிரல் தேவைப்படும் சந்தர்ப்பங்கள் மூன்று. முதலாவது, தாளில் இடம் போதாதபோது. எக்செல் 2003-இல் 65,536 வரிகள்தாம்; 2007 முதல் 10,48,576 வரிகள். இரண்டாவது, விற்பனை ஒரு பட்டியலிலும், விவசாயிகள் விவரம் ஒரு பட்டியலிலும், லாரி வாடகை இன்னொரு பட்டியலிலும் இருந்து, அவற்றை இணைத்துப் பார்க்க வேண்டியபோது. மூன்றாவது, கனசதுரம் நம்மிடம் இல்லாமல் தொலைவிலுள்ள கணிப்பொறியில் இருக்கும்போது.

ஐந்து சோதனைகள்

நல்லது, உண்மையிலேயே ஒரு துணை நிரல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தைப் பார்த்தா தேர்ந்தெடுப்பது? ஆய்வுக்கூடத்தில் புதுத் தராசு வந்தால் என்ன செய்வோம்? எடை தெரிந்த கல்லை முதலில் வைத்துப் பார்ப்போம். வெர்னியர் கருவியானால் பூச்சியப் பிழை இருக்கிறதா என்று பார்ப்போம். துணை நிரலுக்கும் அப்படியே. விடை தெரிந்த ஒரு சிறு கணக்கைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். மேலே கண்ட நான்கு வரிகளே நமக்கு எடைக்கல்.

முதற் சோதனை: சராசரி. மண்டிவாரியாகச் சராசரி விலை கேளுங்கள். கிட்டத்து மண்டிக்கு 12,600 என்று வந்தால் சரி. 21,000-ஐயும் 10,500-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 15,750 என்று வந்தால் தவறு. அதை 100 குவிண்டாலால் பெருக்கினால் ரூ. 15,75,000, பெட்டியில் இருப்பதோ ரூ. 12,60,000. இல்லாத மூன்று லட்சத்துப் பதினையாயிரத்தை யார் கொடுப்பார்? ‘மொத்த வரவு வகுத்தல் மொத்த எடை’ என்று நாமே ஒரு சூத்திரம் எழுதிக்கொள்ள இடம் தரும் நிரலைத்தான் எடுக்கவேண்டும்.

இரண்டாம் சோதனை: திரும்பிச் செல்லும் வழி. மொத்தத்தைக் காட்டும் ஓர் எண்ணைத் தொட்டால், அதற்குள் அடங்கிய விற்பனைகள் ஒவ்வொன்றும் வரிசையாக வரவேண்டும். எக்செலின் சுழல் அட்டவணையில் எண்ணை இருமுறை அழுத்தினாலே அவை புதிய தாளில் விரியும். மொத்தத்திலிருந்து மண்டிச் சீட்டு வரை இறங்கிப் போகமுடியாத நிரலை நம்பாதீர்கள்.

மூன்றாம் சோதனை: திருத்தம். மூல வரியில் ஓர் எண்ணை மாற்றுங்கள். அட்டவணை தானே மாறுகிறதா, அல்லது ‘புதுப்பி’ என்று கட்டளையிட்டால்தான் மாறுகிறதா? எது என்று தெரியாமல் இருந்தால் பழைய எண்ணைப் புதியது என்று நம்புவீர்கள். ஒரு வரியில் ‘பரளச்சி’ என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளியையும் விட்டுப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஒரே ஊர். பல நிரல்களுக்கு அது இரண்டு ஊர்!

நான்காம் சோதனை: கொள்ளளவு. வரம்பைத் தாண்டும்போது நிரல் கத்துகிறதா, மௌனமாக விட்டுவிடுகிறதா? இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2020-இல் கொரோனாத் தொற்று விவரங்களைப் பழைய வகை எக்செல் கோப்பு வழியாகச் சேர்த்தது. 65,536 வரிகள் என்ற வரம்பில் முட்டி, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அதனால் தாமதமாயிற்று. விடுபட்டவை வெறும் வரிகள் அல்ல, மனிதர்கள்.

ஐந்தாம் சோதனை: வெளியேறும் வழி. துணை நிரல் இல்லாத இன்னொரு கணிப்பொறியில் உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள். மூல விவரங்களாவது படிக்கக் கிடைக்கின்றனவா? புகழப்பட்ட இம்ப்ரூவ்கூடச் சில ஆண்டுகளில் விற்பனையிலிருந்து மறைந்துவிட்டது. கருவி மறைந்தாலும் கணக்கு மறையக்கூடாது. மேலும், துணை நிரல் என்பது உங்கள் தாளைப் படிக்கும் உரிமை பெற்ற ஒரு நிரல். சில நிரல்கள் விவரங்களை வெளிக் கணிப்பொறிக்கு அனுப்பிக் கணக்கிடுகின்றன. எழுதியவர் யார், விவரம் எங்கே போகிறது என்று கேட்காமல் சேர்த்துக்கொள்வது, முகம் தெரியாதவரிடம் கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

இந்த ஐந்திலும் தேறியவற்றுள் விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம். வண்ணப்படங்கள் எவ்வளவு அழகு என்பதைக் கடைசியில் பாருங்கள்.

கடைசியில் என்ன ஆயிற்று?

தரம் பிரித்த கணக்கைச் சித்தப்பாவிடம் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். “அப்ப அந்த மண்டிக்காரங்களை அநியாயமாப் பேசிட்டேன்” என்றார். பிறகு அவரே ஒரு கேள்வி கேட்டார்: “இதே மாதிரி இன்னொன்னு ஒளிஞ்சிருந்தா? கிட்டத்து மண்டிக்கு விலை ஏறின மாசத்துல மட்டும் நல்ல வத்தல் போயிருந்தா?”

நண்பர்களே, இதுதான் விஞ்ஞானியின் கேள்வி! அட்டவணையை மாதவாரியாகத் திருப்பினோம். முதல் தர வத்தல் மாசியில் கிட்டத்து மண்டியில் ரூ. 21,400, தூரத்து மண்டியில் ரூ. 20,800; பங்குனியில் ரூ. 20,600, ரூ. 19,200. இரண்டு மாதத்திலும் கிட்டத்து மண்டியே கூடுதல். ஆனால் வேறுபாடு ஒரு மாதம் 600, மறு மாதம் 1,400. இன்னும் எத்தனை பரிமாணங்கள் நோட்டில் எழுதப்படாமல் இருக்கின்றன? ஈரப்பதம், மண்டியின் கழிவு, அன்றைய வரத்து... எழுதாத பரிமாணத்தை எந்தத் துணை நிரலாலும் பிரித்துக் காட்டமுடியாது.

அதற்கு வழி சோதனைதான். இந்த ஆண்டு மாசியில் ஒரே களத்தில் காய்ந்த முதல் தர வத்தலைக் கலந்து பத்து மூட்டைகள் கட்டினார் சித்தப்பா. ஒரே நாளில் ஐந்து மூட்டை கிட்டத்து மண்டிக்கு, ஐந்து மூட்டை தூரத்து மண்டிக்கு. கிட்டத்து மண்டி குவிண்டாலுக்கு 300 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தது. முன்பு சொன்ன 5,300 குறைவும் இல்லை. 1,000 கூடுதலும் இல்லை. “ஒரு தடவை போதாது” என்று சொல்லி, அடுத்த வாரம் மறுபடியும் பத்து மூட்டை கட்டச் சொன்னார். லாரி இப்போது இரண்டு பக்கமும் போகிறது. பையனின் தாளில் ‘தரம்’ என்ற நிரல் நிரந்தரமாக இடம்பெற்றுவிட்டது. ‘ஈரம்’ என்று இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது.

செய்து பாருங்கள்: இந்திய அரசின் அக்மார்க்நெட் இணையதளம் சந்தை, விளைபொருள், வகை, தரம், நாள் வாரியாக விலைகளை வெளியிடுகிறது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள இரண்டு சந்தைகளின் ஒரு மாத விலையை எடுத்து, ஒரு விற்பனை நாளுக்கு ஒரு வரி என்று விரிதாளில் எழுதுங்கள். முதலில் மொத்தமாகச் சராசரி காணுங்கள். பிறகு வகைவாரியாகப் பிரியுங்கள். விடை மாறுகிறதா? அங்கே எடைக்குப் பதில் விலைகள் மட்டுமே கையில் கிடைத்தால், அந்தச் சராசரியை எவ்வளவு நம்பலாம்? வகுப்பில் விவாதியுங்கள்.